சங்கக் குறிஞ்சியும் நீலக்குறிஞ்சியும்: வாழிட நோக்கில் ஓர் அடையாள ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியம் கூறும் குறிஞ்சி, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியே என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்தாகும். உரைநூல்களும் பாடநூல்களும் இதனை ஐயத்திற்கு இடமற்ற முடிவாகவே வழங்கிவருகின்றன. செடி வளரும் இடம், உயரம், பூக்கும் காலம் ஆகியவற்றைப் பாடல்களின் சான்றுகளோடு ஒப்பிட்டு இம்முடிவை இக்கட்டுரை மீளாய்வு செய்கிறது. குறிஞ்சி என்பது சங்க வழக்கில் ஒற்றைச் சிற்றினத்தின் பெயராக இல்லாமல், மலைச்சரிவுகளில் வளரும் ஓரினச் செடிகள் பலவற்றுக்குரிய பொதுப்பெயராக இருந்திருக்கலாம் என்ற கருதுகோளை இது முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: குறிஞ்சி, நீலக்குறிஞ்சி, கருங்குறிஞ்சி, கருப்பொருள், மலைப்புல்வெளி, சோலை, தாவர அடையாளம்

முன்னுரை

சங்கத் தாவரங்களை அறிவியல் நோக்கில் அடையாளம் காணும் முயற்சி தமிழாய்வில் அரை நூற்றாண்டுக்கும் மேலான மரபுடையது. பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்', கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' ஆகிய நூல்கள் இத்துறைக்கு அடித்தளமிட்டன. தாவரவியல் பெயரோடு இணைத்துக் காணும்போது பாடலின் காட்சி தெளிவுபெறுகிறது. உவமையின் பொருத்தம் விளங்குகிறது. எனினும் ஓர் அடையாளம் பலமுறை எடுத்தாளப்பட்டதனாலேயே உறுதிப்பட்டதாகக் கொள்ளப்படும் இடர் இம்முறையில் உண்டு. குறிஞ்சி அத்தகைய ஒன்று.

திணையின் பெயராக விளங்குவதால் குறிஞ்சியின் அடையாளம் பிற மலர்களின் அடையாளத்தைவிட முதன்மை வாய்ந்தது. இச்செடி எங்கு வளர்வது என்பதைப் பொறுத்தே குறிஞ்சி நிலம் எத்தகையது என்ற வினாவிற்கும் விடை அமைகிறது. அடர்ந்த காடா, மரமற்ற புல்வெளியா, தினை விளையும் சரிவா என்பதை முடிவு செய்வதில் செடியின் வாழிடத்திற்குப் பங்குண்டு. ஆகவே முதலில் நீலக்குறிஞ்சியின் வாழிடமும், அடுத்துப் பாடல்கள் காட்டும் இடமும் இங்கு ஆராயப்படுகின்றன.

நீலக்குறிஞ்சி வளரும் இடம்

நீலக்குறிஞ்சியின் தாவரவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. இது முள்ளிக் குடும்பமாகிய அகாந்தேசியைச் சேர்ந்தது. இப்பேரினத்தில் உலகெங்கும் நானூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. நீலக்குறிஞ்சி தென்னிந்திய மலைகளுக்கே உரியது. காற்று வீசும் திறந்த சரிவுகளில் இது பெரும்பாலும் முழங்கால் அளவே வளர்கிறது. மறைவான இடங்களில் ஆளுயரத்தையும் கடக்கும். பூக்காத ஆண்டுகளில் இலை தாங்கிய பசும்புதராகச் சரிவுகளை மூடிநிற்கிறது. பன்னிரண்டாம் ஆண்டில் ஒருசேரப் பூத்து, விதை முதிர்ந்தபின் செடி மடிகிறது. அடுத்த தலைமுறை அவ்விதைகளிலிருந்தே எழுகிறது. அண்மைப் பூப்பாண்டுகள் 1982, 1994, 2006, 2018 ஆகும். அடுத்தது 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. சில பகுதிகளின் செடிகள் இச்சுழற்சியோடு ஒத்துப்போகாமல் வேறு ஆண்டுகளில் பூப்பதும் உண்டு.

இச்செடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,340 மீட்டர் முதல் 2,600 மீட்டர் வரை உயரமுள்ள பகுதிகளில் காணப்படுகிறது. நீலகிரி, பழனிமலை, ஆனைமலை, மூணாறு சார்ந்த மலைகள் இதன் முதன்மை வாழிடங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏற்காட்டை உள்ளடக்கிய சேர்வராயன் மலையிலும் இது உண்டு. இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, கொட்டக்கொம்பூர்ப் பகுதிகளில் 32 சதுர கிலோமீட்டர் பரப்பு 2006இல் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உயரத்தைவிட வாழிடத்தின் தன்மை கூடுதலாகக் கருதத்தக்கது. மேல்மலையின் நிலத்தோற்றம் இரு கூறுகளால் ஆனது. நீர் தங்கும் மடிப்புகளில் குள்ளமான பசுமைமாறா மரங்கள் செறிந்த சோலைகள் அமைகின்றன. அவற்றைச் சூழ்ந்த மேடுகளும் சரிவுகளும் புல்வெளிகளாக விரிகின்றன. மார்கழி, தை மாதங்களின் உறைபனி புல்வெளியில் மரக்கன்றுகள் வேரூன்றுவதைத் தடுக்கும் காரணங்களுள் ஒன்று. நீலக்குறிஞ்சி இப்புல்வெளிக்கு உரியது, சோலையின் நிழலுக்குரியதன்று. இப்புல்வெளி காடழிந்து உருவானது என்ற பழைய கருத்து இன்று வலுவிழந்துவிட்டது. நீலகிரியின் சதுப்புக் கரிமப் படிவங்களில் நிகழ்த்தப்பட்ட கார்பன் ஆய்வுகள், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல்வெளி இருந்ததைக் காட்டுகின்றன. ஆகவே சங்க காலத்திலும் மேல்மலைகளில் புல்வெளி இருந்தது என்று கொள்ளலாம்.

பாடல்கள் காட்டும் குறிஞ்சி

திணைப்பெயராகப் பயின்றுவரும் அளவிற்குக் குறிஞ்சி மலராகச் சங்கப் பாடல்களில் இடம்பெறவில்லை. குறிஞ்சித்திணைப் பாடல்களில் வேங்கையும் காந்தளும் அதனினும் மிகுதியாகப் பேசப்படுகின்றன. செடியோ மலரோ குறிக்கப்பெறும் இடங்களுள் ஐந்து இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

குறுந்தொகை 3ஆம் பாடலில் தேவகுலத்தார், தலைவனின் நட்பு நிலத்தினும் வானினும் நீரினும் மிக்கதெனத் தலைவி கூறுவதாக அமைத்து, அவனது நாட்டுக்கு அடையாகக் குறிஞ்சியைக் கூறுகிறார். செடி நிற்கும் இடம் சாரல், தண்டு கரியது, மலரிலிருந்து தேன் திரட்டப்படுகிறது. நற்றிணை 268ஆம் பாடலில் செடி நிற்பது மழை பொழிந்த நெடிய குன்றம். அங்கும் தண்டு கரியது, மலர் மென்மையானது, அதற்கு 'வான்' என்னும் அடை தரப்படுகிறது, அங்கும் தேன் உண்டு. நற்றிணை 301இல் பாண்டியன் மாறன் வழுதி, நீண்ட மலையில் தழைத்த குறிஞ்சியின் புதுமலரைத் தலைவியின் மேனிக்கு உவமையாக்குகிறார். இங்குத் தண்டுக்குரிய அடை கருமையன்று, பெருமை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பாண்டிநாட்டின் குறிஞ்சி நிலத்தை விரித்துரைத்து, கரிய தண்டுடைய குறிஞ்சி அமைந்த வெற்பினைக் கூறி அப்பகுதியை முடிக்கிறார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்த 99 மலர்களுள் குறிஞ்சியும் ஒன்று.

இவற்றுள் குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலை வாழிடச் சான்றாகக் கொள்ள இயலாது. குவளையும் குறிஞ்சியும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. வெவ்வேறு நிலத்துக்கும் பருவத்துக்கும் உரிய மலர்கள் ஒருங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஏனைய நான்கும் மூன்று செய்திகளைத் தருகின்றன. முதலாவது, இடம் சாரல், குன்றம், மலை, வெற்பு என்றே குறிக்கப்படுகிறது. இந்நான்கிலும் செடி காட்டோடு நேரடியாக இணைக்கப்படவில்லை. இரண்டாவது, தண்டின் கருமை மூன்று இடங்களில் கூறப்பட்டு, நிலைத்த அடைமொழியாகவே அமைந்துள்ளது. மூன்றாவது, தேனோடு உள்ள தொடர்பு இரு பாடல்களில் முதன்மை பெறுகிறது.

இம்மூன்றும் நீலக்குறிஞ்சிக்குப் பொருந்துவனவே. அதன் முதிர்ந்த தண்டு கருமை படர்ந்தது. மலர்கள் ஒருசேரப் பூக்கும் காலத்தில் தேனீக்களுக்குப் பெருந்தொகையாகத் தேன் கிடைக்கிறது. சரிவுகளே அதன் இடம். வழக்கமான அடையாளம் இப்பொருத்தத்தின் மீதே நிற்கிறது. ஆயினும் இப்பண்புகள் அப்பேரினத்தின் பிற மலைச்செடிகள் சிலவற்றிலும் காணப்படுவதால், இவை நீலக்குறிஞ்சியை மட்டும் சுட்டும் சான்றுகள் ஆகா.

பொருந்தாக் கூறுகள்

1. உயரம்

குறிஞ்சித்திணைக்குரிய பிற கருப்பொருள்கள் எந்த உயரத்துக்கு உரியவை என்பது முதற்சிக்கல். தினைப்புனம், மூங்கில், பலா, வேங்கை ஆகியவை தாழ்மலைக்கும் இடைமலைக்கும் உரியன. வேங்கை இலையுதிர் காடுகளின் மரம். உறைபனி படியும் மேல்மலைப் புல்வெளி அதற்குரிய இடமன்று. மதுரைக்காஞ்சி குறிஞ்சியை நிறுத்தும் பகுதியிலேயே தினை, ஐவனநெல், இஞ்சி, மஞ்சள், மிளகு ஆகிய விளைபொருள்களும் கூறப்படுகின்றன. இஞ்சியும் மஞ்சளும் மிளகும் வெம்மையும் ஈரமும் உடைய சரிவுகளில் விளைவன.

சங்கப் புலவர் பாடிய மலைகளின் உயரமும் கருதத்தக்கது. குறிஞ்சி பாடுவதில் புகழ்பெற்ற கபிலர் பாரியின் பறம்பு மலையோடு நெருங்கிய தொடர்புடையவர். பறம்பு எனக் கருதப்படும் பிரான்மலையின் உயரம் ஏறத்தாழ 750 மீட்டரே; நீலக்குறிஞ்சியின் கீழெல்லையை அது எட்டவில்லை. ஓரியின் கொல்லிமலை பெரும்பகுதி 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுடையது. கடிய நெடுவேட்டுவனின் கோடைமலை இன்றைய கொடைக்கானல் பகுதி எனக் கொள்ளப்படுவதால், அங்கு நீலக்குறிஞ்சியைப் புலவர் கண்டிருக்க வாய்ப்புண்டு. எனினும் மேல்மலைகளில் மட்டும் வளரும் செடி, தாழ்ந்த குன்றுகளையும் உள்ளடக்கிய நிலம் முழுமைக்கும் பெயராயிற்று எனக் கொள்வதற்குத் தனிவிளக்கம் தேவைப்படுகிறது.

2. பூப்பின் இடைவெளி

பன்னிரண்டாண்டு இடைவெளி இன்று நீலக்குறிஞ்சியின் தலையாய பண்பாகக் கருதப்படுகிறது. மலைவாழ் மக்கள் இப்பூப்பைக் கொண்டு வயதைக் கணக்கிட்ட வழக்கமும் பேசப்படுகிறது. ஆனால் மேற்கண்ட பாடல்கள் எதிலும் அவ்விடைவெளி கூறப்படவில்லை. வேங்கை பூக்கும் காலத்தைத் தினை முதிர்வோடும் மணக்காலத்தோடும் இணைத்து நுட்பமாகப் பாடிய மரபு, பன்னிரண்டாண்டுக் காத்திருப்பைப் பிரிவுக்கோ ஏக்கத்துக்கோ உவமையாகக் கொள்ளாதது எண்ணத்தக்கது. சொல்லப்படாமை ஒன்றே மறுப்பாகிவிடாது. எனினும் புலவர்கள் அடிக்கடி காணக்கூடிய ஒரு மலரையே பாடினர் என்ற எண்ணத்திற்கு இது இடமளிக்கிறது.

3. பூக்கும் பருவம்

தொல்காப்பியம் குறிஞ்சித்திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகக் கூறுகிறது. கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும். முன்பனி மார்கழியும் தையும். நீலக்குறிஞ்சி பெரிதும் ஆவணி முதல் ஐப்பசித் தொடக்கம் வரை பூக்கிறது. அதன் பெரும்பகுதி முல்லைக்குரிய கார்ப்பருவத்தில் அடங்குகிறது. முதற்பொருள் வகுப்பு மலரின் பருவத்தைக் கொண்டே அமைந்ததன்று என்பதால் இதனை வலிய சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் மலரும் பொழுதும் முழுமையாக இணையவில்லை என்பது பதிவுசெய்யத்தக்கது.

4. நிறம்

நற்றிணை 268இல் வரும் 'வான்' என்னும் அடைக்கு வெண்மை, பெருமை, தூய்மை ஆகிய பொருள்கள் உண்டு. வெண்மை எனக் கொண்டால் நீலமலர் பொருந்தாது. நற்றிணை 301இல் மேனிக்கு மலர் உவமையாகிறது. நிறம் கருதிய உவமை எனின், மாமைநிற மேனிக்குக் கருநீலச் சாயல் பொருந்தலாம். மென்மை கருதிய உவமை எனின் நிறத்தைப் பற்றி அதிலிருந்து எதுவும் பெற இயலாது. இரு பாடல்களும் ஒரே செடியைத்தான் கூறுகின்றன என்ற முன்முடிவைக் கைவிட்டால் இவ்விரண்டையும் வலிந்து ஒன்றாக்க வேண்டிய தேவை எழாது.

பெயர் தரும் சான்று

சொல் வழக்கு இவ்வாய்வுக்குப் புதிய வழியைக் காட்டுகிறது. 'நீலக்குறிஞ்சி' என்பது அடைபெற்ற பெயர். ஒரு செடிக்கு நிற அடை தரப்படுவது, அவ்வடையற்ற அல்லது வேறு அடைபெற்ற செடிகளிலிருந்து அதனைப் பிரித்துக்காட்டவே. கேரளத்தில் 'கரிங்குறிஞ்ஞி' என வழங்கும் செடி இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. தமிழில் கருங்குறிஞ்சி என்றாகும் இது, நீலக்குறிஞ்சியின் பேரினத்தையே சேர்ந்த ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியேட்டா ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்ந்த, இடைப்பட்ட உயரங்களின் ஈரக்காடுகளில் இது வளர்கிறது. இதன் மலர் வெண்மை மிக்கது. சங்கப் பாடல்களின் நிலைத்த அடையாகிய கருமை இப்பெயரில் இன்றும் வாழ்கிறது. பழந்தமிழ் வழக்காற்றின் கூறுகள் மலையாளத்தில் காக்கப்பட்டிருப்பது புதிதன்று.

கேரள ஆயுர்வேத மரபில் இக்கருங்குறிஞ்சி 'சகசரம்' என்னும் மருந்துச்சரக்காகப் பயன்படுகிறது. வடநாட்டு மரபில் அதே பெயருக்குரிய செடி செம்முள்ளி. தமிழ்ப் பேரகராதி குறிஞ்சி என்னும் சொல்லுக்குத் தரும் பொருள்களுள் செம்முள்ளியும் ஒன்று. செம்முள்ளியும் கருங்குறிஞ்சியும் நீலக்குறிஞ்சியும் ஒரே குடும்பத்தவை. குறிஞ்சி என்னும் சொல் ஒரே செடியோடு நின்றுவிடாமல் உறவுடைய செடிகளுக்கிடையே பரவி வழங்கியதை இவ்வழக்குகள் உணர்த்துகின்றன.

இதனால் சங்கக் குறிஞ்சி ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியேட்டாவே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது காட்டு நிழலில் வளரும் செடி. திறந்த சாரலுக்கு அது முழுமையாகப் பொருந்தாது. ஓர் ஒற்றை அடையாளத்தை நீக்கி மற்றோர் ஒற்றை அடையாளத்தை அவ்விடத்தில் வைப்பது அதே பிழையை மீண்டும் செய்வதாகும். தாழ்மலை முதல் உச்சிப் புல்வெளி வரை ஒவ்வோர் உயரத்துக்கும் உரிய குறிஞ்சிகள் உண்டு எனக் கொள்வதே சான்றுகள் அனைத்தையும் அரவணைக்கும் விளக்கம். அவ்வாறு கொண்டால் பறம்பும் கொல்லியும் கோடையும் ஒரு திணைப்பெயரின்கீழ் அமைவதில் முரண் இல்லை. தண்டின் கருமையும் பெருமையும், மலரின் வெண்மையும் மேனி ஒப்புமையும் வெவ்வேறு செடிகளுக்குரியனவாக இருக்கலாம். பன்னிரண்டாண்டு இடைவெளி பாடப்படாததும் இயல்பாகிறது.

அடையாளத்தின் இன்றைய விளைவு

இலக்கிய அடையாளம் நிலத்தின் மீதான பார்வையையும் பாதிக்கிறது. 1936இல் கொடைக்கானலில் லீலாவதி இராமநாதன் எழுப்பிய குறிஞ்சி ஆண்டவர் கோயில் தொடங்கி, 2006இல் வெளியான அஞ்சல்தலை வரை, நீலக்குறிஞ்சி திணைமலராகவே பொதுமனத்தில் பதிந்துள்ளது. இதனால் அச்செடிக்குக் காப்புணர்வு பெருகியது நன்மையே. அது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆயினும் பூவுக்குக் கிடைத்த மதிப்பு அது நிற்கும் புல்வெளிக்குக் கிடைக்கவில்லை. 'சோலை' என்னும் தமிழ்ச்சொல் உலகத் தாவரவியலில் கலைச்சொல்லாக ஏற்கப்பட்டது. அதனோடு பிரிக்கவியலாது இணைந்த புல்வெளிக்கு அத்தகைய தனிப்பெயர் அமையவில்லை. ஆங்கில ஆட்சி அதனைப் பயனற்ற தரிசாகக் கருதியது. 19ஆம் நூற்றாண்டு முதல் கற்பூர மரமும் சீகை மரமும் அங்கு நடப்பட்டன; விடுதலைக்குப் பின்னரும் அப்பணி தொடர்ந்தது. தேயிலைத் தோட்டங்களும் புல்வெளிகளை எடுத்துக்கொண்டன. குறிஞ்சியை மலைக்காட்டின் மலர் என்றே விளக்கும் குறிப்புரைகள், மரம் நடுவதே மலையைக் காப்பது என்ற எண்ணத்திற்கு அறியாமலே துணைபோகின்றன. மரம் மூடிய சரிவில் நீலக்குறிஞ்சிக்கு இடமில்லை.

மறுபுறம், நீலக்குறிஞ்சி ஒன்றே குறிஞ்சி என்ற முடிவு பிற குறிஞ்சிகளைக் கவனத்திலிருந்து நீக்கிவிடுகிறது. அவற்றுக்கு மலைவாழ் மக்கள் வழங்கும் பெயர்கள் தொகுக்கப்படாமல் மறைந்தால், சங்கச் சொல்லின் பொருளெல்லையை அறிவதற்குரிய சான்றும் அவற்றோடு மறையும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

குறிஞ்சி கூறப்படும் பாடல்களின் இடச்சொற்கள் செடியை மலைச்சரிவிலும் குன்றிலும் நிறுத்துகின்றன. அவை நீலக்குறிஞ்சியை விலக்கவில்லை. அதனை மட்டுமே சுட்டவுமில்லை.

உயரம், பிற கருப்பொருள்கள், பூப்பின் இடைவெளி, நிற அடை ஆகியவற்றை ஒருங்கே நோக்கும்போது, குறிஞ்சியை ஓரினச் செடிகளின் பொதுப்பெயராகக் கொள்வது ஒற்றை அடையாளத்தைவிடப் பொருத்தமானது.

சங்க இலக்கியப் பதிப்புகளிலும் அகராதிகளிலும் குறிஞ்சிக்கு ஒரு தாவரவியல் பெயரை மட்டும் தருவதைத் தவிர்த்து, பேரினப் பெயரைத் தந்து, நீலக்குறிஞ்சியை அதனுள் அடங்கும் ஒன்றாகக் குறிப்பது தகும். பன்னிரண்டாண்டுப் பூப்பைப் பாடலின் பொருளாக ஏற்றிக் கூறும் விளக்கங்கள் திருத்தப்பட வேண்டும்.

முதுவர், பளியர், தோடர், படுகர் முதலிய மலைவாழ் மக்களிடம் இச்செடிகளுக்கு வழங்கும் பெயர்களையும், அவர்கள் அவற்றை வேறுபடுத்தும் முறையையும் களஆய்வின்வழித் தொகுத்தல் இக்கருதுகோளைச் சோதிப்பதற்குரிய அடுத்த படியாகும். 2030ஆம் ஆண்டின் பூப்பு அதற்கு இயல்பான வாய்ப்பைத் தரும். ஆனால் நீலக்குறிஞ்சி பூக்காத ஆண்டுகளிலேயே அப்பணி தொடங்கப்பட வேண்டும். ஏனைய குறிஞ்சிகளின் பெயர்கள் அப்போதுதான் தனித்துக் கேட்கப்படும்.